என் அஞ்சலை எடுக்க என் நிரலை அனுப்பக் கூடாதா?

வருமான வரித் துறையில் முகமறியா மதிப்பீட்டு முறை 2020இல் பரவலாக நடைமுறைக்கு வந்த பிறகு, துறையின் கேள்விகளும் நோட்டீஸ்களும் மின்னஞ்சலைத் தேடித்தான் வருகின்றன. பதில் சொல்லக் கெடு உண்டு; தவறினால் அபராதம்கூட வரலாம். அதனால், ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகங்களில் காலையில் முதல் வேலை, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான். பயனர் பெயர், கடவுச்சொல், சில கணக்குகளுக்கு ஓடிபி. உள்ளே போனால் பெரும்பாலும் விளம்பரக் கடிதங்கள்தான் இருக்கும். வெளியேறி அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். திருப்பூரில் ஆர்டர் கடிதத்துக்காக நான்கைந்து முகவரிகளைத் திறந்து பார்க்கும் ஏற்றுமதி அலுவலக ஊழியருக்கும் இதே கதைதான். இந்த வேலையைச் செய்கிற எவருக்கும் ஒருநாள் தோன்றும்: இதைக் கணினியே செய்தால் என்ன?

கணினிக்கு இது எளிய வேலை. பிரவுசரில் மனிதர் செய்வதை அப்படியே செய்யும்படி சில பத்து வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். கல்லூரியில் பைத்தான் படிக்கும் மாணவர் ஒரு மாலையில் முடித்துவிடுவார். ஆனால், அந்த ஸ்கிரிப்டை இன்று பெரிய மின்னஞ்சல் சேவைகளில் ஓடவிட்டால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். சந்தேகத்துக்குரிய நுழைவு என்று எச்சரிக்கை வரும். விடாமல் முயன்றால் கணக்கையே சில காலம் பூட்டிவிடுவார்கள். தன் கடிதத்தை எடுக்க வந்தவரும் பிறர் கடிதத்தைத் திருட வந்தவரும் அங்கே ஒரே மாதிரி நடத்தப்படுகிறார்கள்.

இது மாற வேண்டும். தன் மின்னஞ்சலைத் தானே திறக்க ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்றால், தன் சார்பில் ஒரு நிரலை அனுப்பித் திறக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அதற்கென்று ஒரு தனிச் சாவியை அஞ்சல் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சாவிக்கு வரம்பு இருக்க வேண்டும், வேண்டாதபோது ரத்து செய்ய முடிய வேண்டும், கட்டணம் கூடாது. நிறுவனத்தின் பெருந்தன்மையை நம்பி விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை இது. சட்டத்தில் எழுதப்பட வேண்டியது.

வாசலில் நடப்பது

லாகின் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் செயலுக்குள் பல படிகள் இருக்கின்றன. பக்கத்தைத் திறந்ததும் சர்வர் ஒரு படிவத்தை அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு கட்டங்கள்தான். தெரியாமல் அதே படிவத்தில் வேறு சில கட்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றில், அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியாகும் நீண்ட எழுத்துச்சரம் இருக்கும். பெயர், கடவுச்சொல்லோடு அந்தச் சரமும் சேர்ந்து திரும்பினால்தான் சர்வர் ஏற்கும். ஏற்றதும் ஒரு குக்கீ கொடுக்கும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி 1994இல் உருவாக்கியது இந்தக் குக்கீ. வலைச் சர்வருக்கு இயல்பாக நினைவு கிடையாது. வந்து நிற்கும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுமுகம்தான். குக்கீயைக் காட்டும்போதுதான், சற்று முன் கடவுச்சொல் சொன்னவர் இவரே என்று அதற்குத் தெரிகிறது.

ஸ்கிரிப்ட் செய்வதும் இதையேதான். பக்கத்தைக் கேட்டு வாங்கும், மறைந்திருக்கும் சரத்தைப் படித்து எடுக்கும், படிவத்தை நிரப்பி அனுப்பும், குக்கீயைப் பத்திரப்படுத்தும், அதைக் காட்டி இன்பாக்ஸைக் கேட்கும். ஸ்வீடன் நிரலர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் ‘கர்ல்’ என்ற பெயரில் வெளியிட்டு இன்றுவரை பராமரித்துவரும் சிறு கருவியே இத்தனையையும் செய்யும். பின்னாளில் லாகின் பக்கங்கள் ஜாவாஸ்கிரிப்டால் பிரவுசருக்குள்ளேயே கட்டி எழுப்பப்படுபவையாக மாறின. அப்போது, உண்மையான பிரவுசரையே பின்னாலிருந்து இயக்கும் கருவிகள் வந்தன: 2004இல் செலினியம், 2017இல் கூகுளின் பப்பட்டியர், 2020இல் மைக்ரோசாஃப்டின் பிளேரைட். தங்கள் தளம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்கள் தினமும் பயன்படுத்தும் கருவிகள்தான் இவை. இவற்றில் கள்ளத்தனம் எதுவும் இல்லை.

மூடப்பட்ட பழைய வழி

வலைவழி மின்னஞ்சல் வருவதற்கு முன் இந்தச் சிக்கலே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, இணைப்போடு சேர்ந்து ஓர் அஞ்சல் பெட்டியும் கிடைத்தது. யூடோரா போன்ற ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால், அது சர்வரைத் தொடர்புகொண்டு புதிய கடிதங்களை எடுத்துவந்து நம் வட்டில் வைத்துவிடும். அதற்கென்றே இருந்த நெறிமுறை பாப்3. அதன் முதல் வடிவம் 1988இல் எழுதப்பட்டது. ஐமேப் அதற்கும் முந்தியது. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. இரண்டுமே இயந்திரம் இயந்திரத்தோடு பேசுவதற்கான மொழிகள். ஒவ்வொரு முறையும் மனிதர் நேரில் வந்து நிற்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றில் இல்லை. மின்னஞ்சல் பிறவியிலேயே தானியங்கி.

1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அஞ்சல் பார்க்கலாம் என்பது பெரிய விடுதலை. சொந்தக் கணினி இல்லாத ஒரு தலைமுறை, பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தன் முதல் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக்கொண்டது. சேவை இலவசம், வருமானம் பக்கத்தின் ஓரத்தில் தெரியும் விளம்பரத்திலிருந்து வந்தது. ஒருவர் பாப்3 வழியாகக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் விளம்பரம் யார் கண்ணிலும் படாது. 2002 ஏப்ரலில் யாஹூ, இலவசக் கணக்குகளுக்கு அதுவரை இருந்த பாப்3 வசதியை நிறுத்தி, பணம் கட்டுவோருக்கு மட்டும் என்றது. பாதுகாப்பு என்ற பேச்சு அப்போது இல்லை. வணிகம்தான் காரணம்.

அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட நிரல்களை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது. ‘ஃபெட்ச்யாஹூ’ என்றொரு பெர்ல் ஸ்கிரிப்ட், யாஹூ பக்கத்தில் லாகின் செய்து கடிதங்களை இறக்கித் தந்தது. ஹாட்மெயிலுக்கு ‘காட்மெயில்’ இருந்தது. ‘ஒய்பாப்ஸ்’ இன்னும் நுட்பமானது: நம் கணினியிலேயே உட்கார்ந்துகொண்டு, அவுட்லுக் போன்ற மென்பொருளிடம் தானே ஒரு பாப்3 சர்வர் என்று சொல்லும், மறுபக்கம் யாஹூவிடம் போய்த் தானே ஒரு பிரவுசர் என்று சொல்லும். இத்தாலியர்கள் தொடங்கிய ‘ஃப்ரீபாப்ஸ்’ இதையே பல சேவைகளுக்கு விரித்தது. யாஹூ தன் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் இவை அத்தனையும் நின்றுபோகும். தன்னார்வலர்கள் இரவோடு இரவாக உட்கார்ந்து சரிசெய்வார்கள். சம்பளம் கிடையாது. தங்கள் கடிதம் தங்கள் கணினியில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள், அவ்வளவுதான்.

2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தது. அப்போது ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்தது 2 எம்பி, யாஹூ 4 எம்பி. அதே ஆண்டு நவம்பரில் பாப்3 வசதியையும், 2007 அக்டோபரில் ஐமேப் வசதியையும் கூகுள் காசு கேட்காமல் தந்தது. பக்கத்தைச் சுரண்டிக் கடிதம் எடுக்கும் ஸ்கிரிப்டுகளின் தேவை அதன்பின் மெல்லக் குறைந்தது. முறையான வழி ஒன்று திறந்திருந்தால், திருட்டு வழியைப் போல் தோன்றும் வழியை நாடி யாரும் போக மாட்டார்கள். இன்று கொள்கை வகுப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்தக் காலத்திலேயே கிடைத்துவிட்டது.

அச்சம் நியாயமானதுதான்

நிறுவனங்களின் அச்சம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2013இல் நடந்த ஊடுருவலில் யாஹூவின் கணக்குகள் அத்தனையும், அதாவது 300 கோடிக் கணக்குகள், பாதிக்கப்பட்டன. அந்த முழு எண்ணிக்கையை நிறுவனம் ஒப்புக்கொண்டது 2017 அக்டோபரில். 2019 ஜனவரியில் ‘கலெக்‌ஷன் 1’ என்ற திருட்டுத் தொகுப்பு வெளிப்பட்டது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் அதை ஆராய்ந்து, 77 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருப்பதாக அறிவித்தார். இப்படிப்பட்ட பட்டியல்களைத் திருடர்கள் தங்கள் ஸ்கிரிப்டுகளுக்கு ஊட்டுகிறார்கள். ஓரிடத்தில் திருடிய கடவுச்சொல்லை நூறு இடங்களில் முயன்று பார்க்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மின்னஞ்சல் திறந்துவிட்டால் மற்றவையும் திறந்துவிடும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும், அதை மாற்றும் இணைப்பு வந்து சேர்வது அந்தப் பெட்டிக்குத்தான்.

ஆகவே மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்கும் சோதனைகள் பெருகின. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயரிட்ட கேப்ச்சா, நெளிந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னது. 2009இல் கூகுள் வாங்கிய ரீகேப்ச்சா, பிற்காலத்தில் போக்குவரத்து விளக்குகளைத் தேடச் சொன்னது. 2018இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஒன்றுமே கேட்பதில்லை. பக்கத்தில் நம் நடத்தையைக் கவனித்து 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டுக்கொள்கிறது.

இந்தச் சோதனைகளின் சுமை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. படத்தைப் பார்த்துச் சொல் என்றால் பார்வையற்றவர் என்ன செய்வார்? வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2005லேயே இதை எழுத்தில் சுட்டிக்காட்டியது. 2023 அக்டோபரில் வெளியான அதன் அணுகல்தன்மை வழிகாட்டி 2.2 இன்னும் ஒரு படி மேலே போகிறது: நினைவில் வைத்துச் சொல், பார்த்துத் தட்டச்சு செய் என்ற கட்டாயத்தின் மீது மட்டும் லாகின் நிற்கக் கூடாது, கடவுச்சொல்லை ஒரு மென்பொருள் நிரப்பிக் கொடுப்பதையும் ஒட்டுவதையும் தடுக்காமல் விடுவது அதற்கு ஒரு வழி என்கிறது. வாசலில் மனிதருக்குப் பதில் அவருடைய கருவி நிற்கலாம் என்பதைத் தரநிலையே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

புதிய சாவி யாருக்கு?

கடவுச்சொல்லை நிரலிடம் கொடுக்காமலே நிரலை உள்ளே அனுப்ப ஒரு வழி இருக்கிறது. ஓஆத் 2.0 என்ற அந்த முறை 2012 அக்டோபரில் தரநிலை ஆவணமாக வந்தது. நாம் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், இந்த நிரல் என் அஞ்சலைப் படிக்கலாம் என்று ஒப்புதல் கொடுக்கிறோம். நிறுவனம் நிரலுக்கு ஒரு டோக்கன் தருகிறது. படிக்க மட்டும், அனுப்ப மட்டும் என்று வரம்பு போடலாம். வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைத்து, அந்த ஸ்கிரிப்டை நாலு பேருக்கு அனுப்பி, இணையத்தில் பொதுவெளியில் ஏற்றியும்விட்டுப் பிறகு தவிக்கிறவர்கள் ஏராளம். அந்த ஆபத்துக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தத் தீர்வு கையில் இருந்ததால்தான், 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான பெயர், கடவுச்சொல்லோடு வரும் மென்பொருள்களைக் கூகுள் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அலுவலகக் கணக்குகளிலும், 2024 செப்டம்பர் 16 அன்று தனிநபர் அவுட்லுக் கணக்குகளிலும் மைக்ரோசாஃப்ட் அதையே செய்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அடுத்த படியில் இருக்கிறது. ஜிமெயிலைப் படிக்கும் டோக்கன் வேண்டுமென்றால் மென்பொருளைக் கூகுளிடம் பதிவு செய்து சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். பயனரின் அஞ்சலைத் தன் சர்வர் வழியே கையாளும் மென்பொருள் என்றால், வெளியார் ஒருவர் செய்யும் பாதுகாப்புத் தணிக்கையும் தேவை. 2019இல் இந்த விதி வந்தபோது கூகுள் சொன்ன செலவு 15,000 முதல் 75,000 டாலர்வரை. குறைந்தபட்சத் தொகையே 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது பொருட்டே இல்லை. மதுரையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் கடையால் எப்படி முடியும்?

தனக்கு மட்டும் என்று எழுதிக்கொள்பவர் நிலை என்ன? அவர் தன் ஸ்கிரிப்டைச் சோதனை நிலையில் பதிவு செய்து ஓட்டலாம். அந்த நிலையில் கிடைக்கும் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். வாராவாரம் மனிதர் வந்து கையால் மீண்டும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். தானியங்கியாக நடப்பதற்கென்று எழுதிய ஸ்கிரிப்ட், வாரம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டால் எதற்கு அது?

இன்னொரு வழி செயலிக் கடவுச்சொல். இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் 16 எழுத்துச் சாவி. அதைக் கொண்டு ஐமேப் வழியே ஸ்கிரிப்ட் உள்ளே போகலாம், வேண்டாதபோது அழித்துவிடலாம். இன்றைக்கு யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: லாகின் பக்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை எந்தக் கோப்பிலும் எழுதாதீர்கள், இந்தச் சாவியை உருவாக்கி ஐமேப் வழியே போங்கள். பைத்தானில் அதற்கான நூலகம் மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஆனால், அந்தச் சாவி முழு அஞ்சல் பெட்டியையும் திறந்துவிடும். வருமான வரித் துறையிலிருந்து வரும் கடிதத்தை மட்டும் என் ஆடிட்டரின் நிரல் படிக்கட்டும் என்று சொல்ல அதில் வழியில்லை. ஜிமெயிலின் ஓஆத் டோக்கனிலும் அந்த அளவு நுணுக்கம் இல்லை. விளைவு, வாடிக்கையாளர்களின் முழுக் கடவுச்சொல்லும் ஆடிட்டர் அலுவலக நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாதுகாப்பின் பெயரால் எழுப்பிய தடுப்பு, பாதுகாப்பே இல்லாத ஒரு பழக்கத்தை நிலைநிறுத்தியிருக்கிறது. எனக்கு இதில் பெரும் ஆதங்கம் உண்டு. ஏனென்றால் தொழில்நுட்பக் கஷ்டம் எதுவும் இதில் இல்லை. அனுப்புநர் வாரியாகக் கடிதங்களைப் பிரித்து வைக்கும் வேலையை இதே சேவைகள் வடிகட்டிகளாகப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

லாகின் செய்யாவிட்டாலும் தண்டனை உண்டு. 2013 ஜூனில் யாஹூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 12 மாதம் பயன்படுத்தாத முகவரிகளை வேறு நபர்களுக்குக் கொடுக்கப்போகிறோம், வேண்டுமானால் ஜூலை 15க்குள் ஒருமுறை நுழைந்துவிடுங்கள் என்றது. முகவரிகள் கைமாறின. பழைய உரிமையாளருக்கு வர வேண்டிய தனிப்பட்ட கடிதங்கள் புதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்திகள் வந்த பிறகு, ‘இது என் கடிதம் அல்ல’ என்று திருப்பும் பொத்தானை யாஹூ சேர்த்தது. கூகுளும் 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை அழிப்பதை 2023 டிசம்பர் 1 முதல் தொடங்கியது. முகவரியை இன்னொருவருக்குத் தருவதில்லை என்பது மட்டும் ஆறுதல். வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் பழைய கணக்கு, முதுமையில் கணினியைத் தொடாத தந்தையின் கணக்கு, அதில் கிடக்கும் பத்திர நகல்கள், படங்கள் எல்லாம் அந்தக் கெடுவுக்குள் அடங்கும். கணக்கு உயிரோடு இருக்க அவ்வப்போது வந்து போக வேண்டும் என்கிறார்கள். வந்து போகும் வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்தால் சந்தேகப்படுகிறார்கள்.

நீதிமன்றம் சொன்ன உவமை

இந்தக் கேள்வி அமெரிக்க நீதிமன்றத்தில் ஒருமுறை நேருக்கு நேர் விசாரிக்கப்பட்டிருக்கிறது. பவர் டாட் காம் என்ற நிறுவனம், பயனர்களின் ஒப்புதலோடு அவர்களுடைய கடவுச்சொல்லை வாங்கி, பல சமூக வலைதளக் கணக்குகளில் அவர்கள் சார்பில் நுழைந்து எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டியது. 2008 டிசம்பர் 1 அன்று ஃபேஸ்புக் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது, நுழைவையும் தடுத்தது. பவர் வேறு வழியில் நுழைந்தது. வழக்கு வந்தது. 2016இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் பக்கம் நின்றது: பயனரின் அனுமதி மட்டும் போதாது, சர்வரின் சொந்தக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகு நுழைந்தது கணினி மோசடிச் சட்டத்தை மீறிய செயல் என்றது.

அதற்கு நீதிமன்றம் ஓர் உவமை சொன்னது. நண்பரின் நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. அவர் சாவியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். சாவியோடு போனவர் கையில் துப்பாக்கியும் வைத்திருந்தால் வங்கி வெளியே தள்ளத்தானே செய்யும்? நண்பரின் அனுமதி அங்கே உதவாது.

உவமை அழகுதான். ஆனால், முடிவைத் துப்பாக்கியை வைத்தே எட்டியிருக்கிறது. சாவியோடு அமைதியாக வந்து, கையெழுத்துப் போட்டு, தன் பெட்டகத்தை மட்டும் திறக்கச் சொல்லும் ஆளையும் வங்கி வெளியே தள்ளலாமா என்பதற்கு அதில் விடை இல்லை. இத்தனைக்கும் அதே காலத்தில் ஃபேஸ்புக், நண்பர்களைத் தேடித் தருகிறேன் என்று பயனர்களின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை வாங்கி அவர்களின் பெட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் பழக்கம் எங்கே போய் முடிந்தது? சுமார் 15 லட்சம் புதிய பயனர்களின் மின்னஞ்சல் தொடர்புப் பட்டியல்களை ஒப்புதலின்றி எடுத்துக்கொண்டுவிட்டதாக, அது தெரியாமல் நடந்தது என்ற விளக்கத்தோடு, 2019 ஏப்ரலில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் பிரிவு 43, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் பிரிவு 66இன்படி 3 ஆண்டுவரை சிறை. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி. சரியான பிரிவுகள்தான். ஆனால், சர்வர் நிறுவனத்துடையது, கடிதம் என்னுடையது என்ற நிலையில் என் அனுமதிக்கு என்ன மதிப்பு என்று சட்டம் சொல்லவில்லை. அஞ்சல் பெட்டிக்காரர் என்றொருவர் இருப்பதே அதன் கண்ணில் படவில்லை.

இதைப் பழைய சங்கதி என்று ஒதுக்க முடியாது. 2025 நவம்பரில் அமேசான், பெர்ப்ளெக்சிட்டி மீது வழக்குத் தொடுத்தது. சென்னையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்த அரவிந்த் ஸ்ரீநிவாஸ் தலைமையிலான நிறுவனம் அது. அதன் காமெட் பிரவுசர், பயனரின் அமேசான் கணக்கில் அவர் சார்பில் பொருள் வாங்குகிறது. நிரல் தன்னை நிரல் என்று அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது அமேசான். பயனருக்கு உள்ள உரிமை அவரது முகவருக்கும் உண்டு என்கிறது பெர்ப்ளெக்சிட்டி. என் பார்வையில் இரண்டுமே சரி. நிரல் தன் அடையாளத்தை மறைக்கக் கூடாது. மறைக்காமல் வந்ததைக் காரணமாகக் காட்டி அதை விரட்டவும் கூடாது.

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் நம் அஞ்சலுக்குள் நுழையத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் வரம்பிட்ட சாவியின் தேவை பல மடங்கு கூடிவிட்டது. 2025 ஜூனில் ‘எக்கோலீக்’ என்ற பெயரில் ஒரு குறைபாடு வெளியே வந்தது. மைக்ரோசாஃப்டின் கோபைலட்டைப் பயன்படுத்துபவருக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதற்குள் கட்டளைகளை ஒளித்துவைத்தால் போதும். அவர் எதையும் கிளிக் செய்யாமலே உள்தகவல்களை வெளியே கசியவைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனாலும், கடிதத்தைப் படிக்கும் நிரல் கடிதத்தாலேயே ஏமாற்றப்படலாம் என்பது தெரிந்துபோயிற்று. முழுப் பெட்டியையும் திறக்கும் சாவியை அப்படிப்பட்ட ஒன்றின் கையில் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

வங்கியில் முடிந்தது

மாதிரிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு விவரங்களைப் பகிர ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்த ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ ஏற்பாடு 2021 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. எந்த விவரம், எந்த நோக்கத்துக்கு, எத்தனை காலம் என்று ஒப்புதலிலேயே எழுதியிருக்கும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நடுவில் நிற்கும் நிறுவனம் விவரத்தைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்பதற்கே அதற்குத் தடை. வங்கிக் கணக்குக்கு இது சாத்தியம் என்றால் அஞ்சல் பெட்டிக்கு ஏன் சாத்தியமில்லை?

ஐரோப்பாவும் இதில் தடுமாறியது. தன் தகவலைத் தூக்கிச் செல்லும் உரிமையை 2018இல் நடைமுறைக்கு வந்த அதன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்தது. ஆனால், பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் பட்டியலை 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டபோது, ஜிமெயிலும் அவுட்லுக்கும் அளவு வரம்பைத் தாண்டியவை என்றாலும், நிறுவனங்களின் வாதத்தை ஏற்று இரண்டையும் வெளியே விட்டது. இந்தியாவில் 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் தகவலைத் தூக்கிச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் சட்டமானபோது அது காணாமல் போயிருந்தது. அதை மீண்டும் சேர்க்க வேண்டும். ஒருமுறை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியாக இல்லாமல், நாள்தோறும் என் நிரல் போய் எடுத்துவரும் உரிமையாக அது இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் கேட்க இதைவிடப் பொருத்தமான சமயம் வராது.

சட்டம் வரும்வரை அரசு சும்மா இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இப்போது தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜோஹோவின் மென்பொருளில் இயங்குகிறது. அதே ஜோஹோ, பொதுமக்களுக்குக் கொடுக்கும் இலவச மின்னஞ்சல் திட்டத்தில் பாப்3, ஐமேப் வசதிகளைச் சேர்ப்பதில்லை. பணம் கட்டுவோருக்குத்தான் அவை. இவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருக்கும் அரசு, ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும்: அனுப்புநர் வாரியாக வரம்பிடக் கூடிய நிரல் சாவி ஒவ்வொரு கணக்குக்கும் இருக்க வேண்டும், அதே வசதி இலவசக் கணக்கு வைத்திருக்கும் குடிமக்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். எழுதிக் கொடுக்கத் தென்காசியிலும் சென்னையிலும் ஜோஹோவுக்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.